டெல்டாவில் நிலத்தடி நீரின் வெப்பநிலையும் அடர்த்தியும்: எதைக் கொண்டு அளப்பது?

"போர் தண்ணி போன வருஷத்தைவிடக் கரிக்குது. என்ன மீட்டர் வாங்கினா சரியாத் தெரியும்?" வேதாரண்யம், தலைஞாயிறு, பூம்புகார் பக்கமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கும்பகோணம், திருவையாறு பக்கத்து விவசாயிகளின் கவலை வேறு. ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது நம் பில்டர் பாயிண்டுக்கு (ஆழமில்லாத குழாய்க் கிணற்றுக்கு) வந்து சேர்கிறதா, சேர்ந்தால் எத்தனை நாளில் என்று கேட்கிறார்கள். கல்லூரியில் திட்டக் கட்டுரை எழுதும் பிள்ளைகளோ, அடர்த்தியை நேரடியாக அளக்கக் கண்ணாடி நீர்மானி (மிதக்கவிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டர்) போதுமா, கிணற்றுக்குள் தொங்கவிட்டால் அளவுகளைத் தானே பதிந்துகொள்ளும் லாகர் வேண்டுமா என்று குழம்புகிறார்கள்.

மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பவை இரண்டே அளவுகள்தாம். ஒன்று நீரின் வெப்பநிலை, மற்றொன்று அதன் அடர்த்தி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் பெரும்பாலானவர்கள் அடர்த்தியை நேரடியாக அளக்க வேண்டியதில்லை. நம்பகமான வெப்பமானி ஒன்றும் இ.சி. (மின் கடத்துத்திறன்) மீட்டர் ஒன்றும் வாங்கி, அடர்த்தியைக் கணக்கிட்டுக்கொள்வதே மேல். அதற்குமேல் கையில் பணமிருந்தால் இன்னும் நுணுக்கமான மீட்டருக்குப் போகாமல், ஆழம் ஆழமாக அளக்கும் வசதிக்குச் செலவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன், எந்த இடத்தில் இந்த முடிவு மாறும் என்பதைக் கீழே பார்ப்போம்.

## அடர்த்தி தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உப்பு நீர் கனமானது, நல்ல நீர் லேசானது. கடலோர மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் கிடைப்பதும், அதே இடத்தில் ஆழமாகப் போர் போட்டால் உப்பு வருவதும் இதனால்தான். மழைநீர் கீழிருக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. நல்ல நீரின் அடர்த்தி லிட்டருக்கு 1.000 கிலோ, கடல்நீருக்கு 1.025 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் 20 மீட்டர் வரை ஏறிவரலாம். கடலோரத்தில் ஆழமான போரை நாள் முழுக்க ஓட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

அடர்த்தியைக் கவனிக்காவிட்டால் நீர்மட்டக் கணக்கே தலைகீழாகிவிடும். கடலோரத்தில் ஒரு கிணறு, உள்ளே தள்ளி இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பில்டர் பைப்பு (நீர் உள்ளே வரும் துளைக்குழாய்) நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டர் கீழே இருக்கிறது. கடலோரக் கிணற்று நீர் நல்ல நீரைவிட 0.012 அடர்த்தி கூடியது. அதாவது லிட்டருக்குச் சுமார் 16 கிராம் உப்பு. அந்தக் கனத்த நீர்த்தூணை நல்ல நீராக மாற்றிக் கணக்கிட்டால் 70 செ.மீ. உயரம் கூடும். நாடாவை இறக்கிப் பார்ப்பவருக்கோ கடலோரக் கிணற்றின் மட்டம் தாழ்வாகத் தெரியும். 'நீர் கடலை நோக்கித்தானே ஓடுகிறது, பயமில்லை' என்று எழுதிவிடுவார். உண்மையில் ஆழத்தில் அழுத்தம் கடல் பக்கம் கூடுதலாக இருக்க, உப்பு உள்ளே வந்துகொண்டிருக்கும். நம் டெல்டா தட்டை நிலம். இங்கே 70 செ.மீ. என்பது நீரோட்டத்தின் திசையையே மாற்றிக் காட்டும் அளவு.

வெப்பநிலை இதில் எங்கே வருகிறது? 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீரில் ஒரு டிகிரி ஏறினால் அடர்த்தி கனமீட்டருக்கு 0.3 கிலோ குறையும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் அடர்த்தி சுமார் 0.75 கிலோ ஏறும். ஆக, வெப்பநிலையை ஒரு டிகிரி தப்பாகக் குறித்தால், லிட்டருக்கு 400 மில்லிகிராம் உப்பைத் தப்பாகக் குறித்ததற்குச் சமம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) கரைந்த உப்புகளுக்கு வைத்திருக்கும் விரும்பத்தக்க வரம்பே 500 மில்லிகிராம்தான். வெப்பநிலை எழுதாத அடர்த்தி எண்ணை எங்கே பார்த்தாலும் நம்பாதீர்கள்.

வெப்பநிலை தனியாகவும் சேதி சொல்லும். பகல், இரவு மாற்றம் மண்ணில் ஒரு மீட்டர்கூட இறங்காது. கோடை, குளிர் மாற்றம் பத்துப் பதினைந்து மீட்டரோடு அடங்கிவிடும். அதற்குக் கீழே நிலத்தடி நீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். ஆழம் போகப்போக நூறு மீட்டருக்கு இரண்டரை, மூன்று டிகிரி ஏறும். ஆகவே ஆற்றோரத்து ஆழமில்லாத பில்டர் பாயிண்டில் மார்கழி, தை மாதங்களில் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால், ஆற்று நீரோ வாய்க்கால் நீரோ வந்து சேர்கிறது என்று சந்தேகிக்கலாம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எந்தக் கருவியாக இருந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, உங்களுக்குத் தெரிய வேண்டிய வித்தியாசத்தை அந்தக் கருவி பார்க்குமா? நெல்லுக்குப் பாசன நீரின் இ.சி. சென்டிமீட்டருக்கு 2,000 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. (இனி இந்த அளவை மைக்ரோசீமென்ஸ் என்று மட்டும் குறிக்கிறேன்.) அந்த எல்லையில் அடர்த்தி மாற்றம் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இறால் குட்டைக்கும் உப்பளத்துக்கும் வேண்டியது வேறு அளவு.

இரண்டாவது, வெப்பநிலையை எங்கே எடுக்கிறது? கிணற்றுக்குள்ளா, வாளியிலா, ஆய்வக மேசையிலா? மூன்றாவது, ஒரே ஆழத்தில் மட்டுமா, பல ஆழத்திலா? நான்காவது, அளவு சரியா என்று நீங்களே சரிபார்க்க முடியுமா? ஐந்தாவது, வாங்கிய பிறகு தொடர்ந்து என்ன செலவு? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கூட்டுறவாகப் பணம் போட்டு வாங்கிய கருவிகள் அலமாரியில் தூங்குவதற்கு அதுவே காரணம்.

## கண்ணாடி நீர்மானி

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்ததுதான். மிதக்கவிட்டால் தண்டில் எண் தெரியும். விலை சில நூறு ரூபாய், பேட்டரி வேண்டாம், அடர்த்தியை நேரடியாகக் காட்டும். கேட்க நன்றாக இருந்தாலும், நிலத்தடி நீருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண நீர்மானியின் சிறு கோடு 0.001. அந்த ஒரு கோட்டுக்குள் லிட்டருக்கு 1.3 கிராம் உப்பு ஒளிந்துகொள்ளும். குடிக்கத் தகுந்த தண்ணீரும், வாயில் வைத்தாலே கரிக்கும் தண்ணீரும் இதில் ஒரே கோட்டில் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. தூய நீரே 30 டிகிரியில் 0.9956 தான். 1.000-இல் தொடங்கும் நீர்மானியை 30 டிகிரி போர் நீரில் விட்டால், லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருந்தாலும் தண்டு முதல் கோட்டுக்குக் கீழே முங்கிவிடும். 'உப்பே இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார் பார்ப்பவர். நீர்மானி எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்பது தண்டிலேயே இருக்கும். சிலவற்றில் 15, சிலவற்றில் 20, நம் நாட்டுத் தயாரிப்புகள் பலவற்றில் 27. அதைப் படிக்காமல் இரண்டு நீர்மானிகளை ஒப்பிடவே கூடாது.

இது சிறந்து விளங்கும் இடமும் நம் டெல்டாவிலேயே இருக்கிறது. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைப் போன்ற இடங்களில் நீரின் கனத்தைப் பாமே டிகிரியில் பார்ப்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை பாமே. உப்பு பூக்கத் தொடங்குவது சுமார் 25 பாமேயில், அதாவது 1.21 அடர்த்தியில். அங்கே இ.சி. மீட்டர் திணறும், நீர்மானி ராஜாவாக நிற்கும். உப்பளத்துக்கு உவர்நீர் எடுக்கும் போர், இறால் குட்டைக்கு நீர் கலக்கும் போர் என்று லிட்டருக்குப் பத்து கிராமுக்குமேல் உப்புள்ள நீரென்றால் தாராளமாக இதை வாங்குங்கள்.

மறைசெலவு உடைசல்தான். கூடவே உயரமான அளவுக் குவளை ஒன்றும் வேண்டும். வாளியில் மிதக்கவிட்டால் காற்றில் ஆடும். போர் நீரைக் குவளையில் ஊற்றியதும் நீர்மானியின் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். மெல்லச் சுழற்றி, குமிழி போன பிறகு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும்.

## டி.டி.எஸ். பேனாவும் இ.சி. மீட்டரும்

பெரும்பாலோர் இங்கேதான் வந்து சேர்வார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீரில் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கடத்துத்திறனை அளந்தால் உப்பின் அளவு தெரியும், உப்பும் வெப்பநிலையும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். சுற்றுவழி போலத் தோன்றினாலும், மூன்றாம் நான்காம் தசம இடத்தில் நடக்கும் அடர்த்தி மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட இது பல மடங்கு நுட்பமானது. கணக்கு இவ்வளவுதான்: அந்த வெப்பநிலைக்குரிய தூய நீரின் அடர்த்தியோடு, லிட்டருக்கு எத்தனை கிராம் உப்போ அதை 0.75 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்.

தூய நீரின் அடர்த்தி, கனமீட்டருக்குக் கிலோவில்:

| வெப்பநிலை (டிகிரி செ.) | அடர்த்தி |
|---|---|
| 26 | 996.8 |
| 27 | 996.5 |
| 28 | 996.2 |
| 29 | 995.9 |
| 30 | 995.6 |
| 31 | 995.3 |
| 32 | 995.0 |

போர் நீர் 29 டிகிரி, இ.சி. 4,000 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இ.சி.யை உப்பாக மாற்றும் வழக்கமான பெருக்கெண் 0.64. அதனால் பெருக்கினால் லிட்டருக்கு 2,560 மில்லிகிராம், அதாவது 2.56 கிராம். அதை 0.75 ஆல் பெருக்க 1.9. அட்டவணையின் 995.9 உடன் கூட்டினால் 997.8. இது கிணற்றுக்குள் இருக்கும் நீரின் அடர்த்தி. இதே தண்ணீரை 25 டிகிரி ஏ.சி. அறையில் வைத்து அளந்தால் எண் 1.1 கூடியிருக்கும், தண்ணீர் மாறவில்லை, வெப்பநிலைதான் மாறியிருக்கிறது.

சில நூறு ரூபாய் டி.டி.எஸ். (கரைந்த மொத்த உப்பு) பேனாவுக்கும் சில ஆயிரம் ரூபாய் இ.சி. மீட்டருக்கும் என்ன வித்தியாசம்? பேனா உள்ளுக்குள் அளப்பதும் இ.சி.தான். அதை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி பி.பி.எம். (ஏறக்குறைய லிட்டருக்கு மில்லிகிராம்) என்று காட்டுகிறது. ஒரு கம்பெனி 0.5 வைக்கும், இன்னொன்று 0.64, மற்றொன்று 0.7. மேலே சொன்ன அதே 4,000 மைக்ரோசீமென்ஸ் நீர் முதல் பேனாவில் 2,000, இரண்டாவதில் 2,560, மூன்றாவதில் 2,800 என்று வரும். அண்ணன் வீட்டுப் போர் நல்லது, தம்பி வீட்டுப் போர் கெட்டது என்று ஊரில் நடக்கும் வாதங்களில் பாதி இதனால் வருவது. இ.சி.யை நேராகக் காட்டாத பேனாவை வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால், பி.பி.எம். எண்ணோடு பேனாவின் பெயரையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது வெப்ப ஈடு. ஒரு டிகிரிக்கு இ.சி. சுமார் 2 சதவீதம் ஏறும். பெரும்பாலான மீட்டர்கள் இதைச் சரிக்கட்டி 25 டிகிரிக்கு மாற்றித்தான் காட்டுகின்றன. மலிவான பேனாவில் வெப்ப உணரி பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருப்பதால், நீரின் வெப்பத்துக்கு வந்து சேர ஓரிரண்டு நிமிடம் பிடிக்கும். வெயிலில் கிடந்த பேனாவை நீரில் விட்டு ஐந்து நொடியில் படித்தால் மூன்று டிகிரிப் பிழை, ஆறு சதவீத இ.சி. பிழை.

வெப்பநிலைக்கு மட்டும் நான் பேனாவை நம்பச் சொல்ல மாட்டேன். 0.1 டிகிரி காட்டும் தனி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அது சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். குடிநீரில் உறைய வைத்த ஐஸ்கட்டியைப் பொடித்து, பிளாஸ்கில் போட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றிக் கலக்கி வைத்தால், வெப்பமானி 0 காட்ட வேண்டும். அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதைக் குறித்துக்கொண்டு எப்போதும் கழித்துக்கொள்ளலாம். துறைமுகத்து மீன் ஐஸ் வேண்டாம். அதில் உப்பு சேர்ந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

மோட்டார் கொட்டகையில் அளக்கும்போது ஒன்றைக் கண்ணால் பார்க்கலாம். மதியம் மோட்டாரைப் போட்டதும் கருப்பு ஓஸில் வெயிலில் காய்ந்து கிடந்த நீர் முதலில் வரும். வாளியில் தொங்கும் வெப்பமானி 34, 35 காட்டும். வாளி நிரம்பி வழிய வழிய 32, 31 என்று இறங்கி, 29 சொச்சத்தில் வந்து அசையாமல் நிற்கும். இ.சி.யும் அதோடு சேர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிலைக்கும். இரண்டும் நின்ற பிறகு படிப்பதுதான் நிலத்தடி நீரின் அளவு. கேசிங் குழாயில் (போரின் வெளிக்குழாயில்) தேங்கிய நீர் மூன்று மடங்கு வெளியேற வேண்டும் என்பது பொது விதி. ஆறு அங்குலக் குழாயில் மீட்டருக்கு 18 லிட்டர் நிற்கும். 40 மீட்டர் நீர் நின்றால் 720 லிட்டர், மூன்று மடங்குக்கு 2,160 லிட்டர். வழியும் வாளியிலேயே, குழாய் வாய்க்கு நேராக அளவெடுங்கள். குடத்தில் பிடித்து நிழலுக்குக் கொண்டுபோய் அளப்பதில் பயனில்லை.

மறைசெலவு இங்கே அளவுத் திரவம். 1,413 மைக்ரோசீமென்ஸ் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நல்ல நீருக்கு, 12,880 உவர்நீருக்கு. திறந்த பாட்டில் ஆவியாகி எண் ஏறிவிடும் என்பதால் ஒருமுறைப் பாக்கெட்டுகளே மேல். டெல்டாவின் பல போர்களில் இரும்புக் காவி உண்டு. அது மின்முனையில் படிந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். வினிகர் கலந்த நீரில் சற்று ஊறவைத்து நல்ல நீரில் அலசினால் போய்விடும். உச்ச அளவையும் பார்த்து வாங்குங்கள். கடல்நீர் 25 டிகிரியில் சுமார் 53,000 மைக்ரோசீமென்ஸ். நான்கு இலக்கத்தோடு முடியும் பேனா கடலோரப் போரில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

## அடர்த்திக் குடுவையும் ஆய்வகமும்

நேரடியாகவும் நுட்பமாகவும் அடர்த்தி வேண்டுமென்றால் இதுதான் வழி. துளையுள்ள மூடி போட்ட சிறு கண்ணாடிக் குடுவையைக் காலியாக ஒருமுறை, காய்ச்சி வடித்த நீரோடு ஒருமுறை, மாதிரி நீரோடு ஒருமுறை எடை போட வேண்டும். 50 மில்லி குடுவையும் மில்லிகிராம் தராசும் இருந்தால் ஐந்தாம் தசம இடம்வரை போகலாம். ஆனால் வெப்பநிலை 0.1 டிகிரி நகர்ந்தாலே அந்த ஐந்தாம் இடம் மூன்று எண் ஆடிவிடும். குடுவையை முழுக் கையால் பிடித்துத் துடைத்தாலே அவ்வளவு சூடு ஏறும். வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி இல்லாத ஆய்வகத்தில் இந்த நுணுக்கம் காகிதத்தில் மட்டும்தான்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் குறைந்த கட்டணத்தில் நீரைப் பரிசோதிக்கலாம். அங்கே பொதுவாகக் கிடைப்பது இ.சி., குளோரைடு போன்றவை. அடர்த்தி வேண்டுமென்றால் கல்லூரி இயற்பியல் அல்லது வேதியியல் துறையைத்தான் அணுக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு போருக்கும் ஒருமுறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பது என் கருத்து. 0.64 என்ற பெருக்கெண் எல்லா நீருக்கும் பொருந்தாது. பைகார்பனேட் மிகுந்த நீருக்கு அது கூடும். ஆய்வகம் தரும் மொத்த உப்பை உங்கள் மீட்டரின் இ.சி.யால் வகுத்தால் உங்கள் போருக்கென்றே ஒரு பெருக்கெண் கிடைக்கும். அதற்குப் பிறகு மீட்டரே போதும்.

## ஆழத்துக்கு இறக்கும் நாடா

நீளமான நாடாவின் நுனியில் நீர்மட்டம், வெப்பநிலை, இ.சி. மூன்றையும் உணரும் முனை இருக்கும். மீட்டர் மீட்டராக இறக்கி எழுதிக்கொண்டே போகலாம். கடலோர டெல்டாவுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்பேன். மேலே 1,500 மைக்ரோசீமென்ஸ் காட்டிக்கொண்டு வந்தது, ஏதோ ஓர் ஆழத்தில் இரண்டு மீட்டருக்குள் 9,000, 15,000 என்று தாவும். நல்ல நீர் முடிந்து உப்பு தொடங்கும் எல்லை அங்கே அருகில் இருக்கிறது. அந்த எல்லை ஆண்டுக்கு ஆண்டு மேலே வருகிறதா என்பதுதான் ஊருக்குத் தெரிய வேண்டிய சேதி. மோட்டார் இறைத்துக் கொட்டும் நீரில் மேலும் கீழும் கலந்து வருவதால் அந்தச் சேதி தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

விலை அதிகம். தனி விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் குழுவோ கல்லூரியோ வாங்கி ஊர் ஊராகச் சுற்றவிடலாம். பெரிய மறைசெலவு கருவியில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரும் குழாயும் கேபிளும் நிற்கும் போருக்குள் நாடாவை இறக்கினால் சுற்றிக்கொள்ளும். எடுக்க மோட்டாரையே ஏற்றி இறக்க வேண்டிவரும். பயன்படுத்தாமல் விட்ட போர்களையும் பழைய அடிபம்புக் குழாய்களையும் தேர்ந்தெடுங்கள். புதிதாகப் போர் போடுகிறீர்கள் என்றால், கேசிங்கினுள் மோட்டார்க் குழாயை ஒட்டி ஓர் அங்குலக் குழாயை அடிவரை விட்டுவிடச் சொல்லுங்கள். முனையின் தடிமனைப் பார்த்துக் குழாய் அளவை முடிவு செய்யுங்கள். போர் போடும் நாளில் அது சின்னச் செலவு.

இரண்டு எச்சரிக்கை. இறக்கும்போது படியுங்கள், ஏற்றும்போது படிக்காதீர்கள். முனை இறங்கும்போதே நீரைக் கலக்கிவிட்டிருக்கும். அடுத்தது, இரண்டு மட்டத்தில் பில்டர் பைப்பு வைத்த போரில், குழாய்க்குள் தெரியும் எல்லையும் மண்ணுக்குள் இருக்கும் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மட்டத்து நீர் குழாய் வழியே இன்னொரு மட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெப்பநிலைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்: ஆழம் போகப்போக மெல்ல ஏற வேண்டியது பத்து, இருபது மீட்டருக்கு அசையாமல் ஒரே எண்ணாக நின்றால், அங்கே நீர் நகர்கிறது என்று பொருள்.

நாடா வாங்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. தடித்த சின்னப் பாட்டிலின் அடியில் கனம் கட்டி, வாயில் தக்கை செருகி, தக்கைக்குத் தனிக் கயிறு போடுங்கள். வேண்டிய ஆழத்தில் இரண்டாவது கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்து நீர் நிரம்பும். இ.சி.க்கு இது நன்றாகவே உதவும். வெப்பநிலைக்கு உதவாது, மேலே வருவதற்குள் மாறிவிடும்.

## கிணற்றுக்குள் தங்கும் லாகர்

அழுத்தம், வெப்பநிலை, இ.சி. மூன்றையும் மணிக்கொரு முறை தானே பதிந்துகொள்ளும் குழல் இது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி ஆற்றில் நீர் வந்த பிறகு உங்கள் கிணற்றில் என்று மாற்றம் தொடங்கியது என்பதை மணிக்கணக்கில் சொல்ல வேறு கருவி கிடையாது. புயலோடு கடல்நீர் ஏறும் இரவில் யாரும் நாடாவோடு கிணற்றடியில் நிற்க முடியாது. 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தது போன்ற நாட்களில் அங்கே இருப்பது லாகர் மட்டும்தான்.

ஆனால் இதன் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கருவி உணர்வது நீரின் அழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்துத்தான். ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய ஒரு செ.மீ. நீர். புயலில் காற்றழுத்தம் 20 மில்லிபார் இறங்கினால், கழிக்காத கணக்கில் நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கியதாகக் காட்டும். ஆகவே மேலே காற்றில் இன்னொரு லாகர் வேண்டும். அதுதான் முதல் மறைசெலவு. சுற்றுவட்டாரத்தில் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, அழுத்தத்தை உயரமாக மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் அடர்த்தியை 1.000 என்று வைத்துக்கொள்ளும். உணரிக்குமேல் 30 மீட்டருக்கு 1.015 அடர்த்தி உவர்நீர் நின்றால் 45 செ.மீ. பிழை. லாகரோ தான் தொங்கும் ஓர் ஆழத்து அடர்த்தியைத்தான் அறியும். மேலே உள்ள நீர்த்தூணின் அடர்த்தியைத் தெரிந்துகொள்ள நாடாவைத்தான் இறக்க வேண்டும். லாகர் வாங்கினால் நாடா வேண்டாம் என்று நினைப்பது தவறு. லாகர் வாங்கியவருக்குத்தான் நாடா கட்டாயம்.

## ஒரே பார்வையில்

| | நீர்மானி | இ.சி. மீட்டரும் வெப்பமானியும் | குடுவை, ஆய்வகம் | ஆழ நாடா | லாகர் |
|---|---|---|---|---|---|
| அடர்த்தி கிடைக்கும் விதம் | நேரடி | கணக்கீடு | நேரடி | கணக்கீடு | கணக்கீடு |
| சின்ன உப்பு மாற்றம் தெரியுமா | தெரியாது | தெரியும் | தெரியும் | தெரியும் | தெரியும் |
| வெப்பநிலை எடுக்கும் இடம் | குவளை | வழியும் வாளி | ஆய்வகம் | கிணற்றுக்குள், பல ஆழம் | கிணற்றுக்குள், ஓர் ஆழம் |
| செலவு | சில நூறு | சில ஆயிரம் | மாதிரிக்குக் கட்டணம் | மிக அதிகம் | மிக அதிகம், இரண்டு வேண்டும் |
| மறைசெலவு | உடைசல், குவளை | அளவுத் திரவம், காவி | அலைச்சல் | காலிப் போர் அல்லது அளவுக் குழாய் | காற்றழுத்த லாகர், நாடா |

## யார் எதை எடுக்கலாம்?

கும்பகோணம், திருவையாறு பக்கத்தில் ஆற்று நீர் சேர்கிறதா என்று பார்ப்பவருக்குத் துல்லியமான வெப்பமானிதான் முதல் கருவி. இ.சி. பேனா துணைக்கு. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வழியும் வாளியில் அளந்து வந்தால் போதும்.

சீர்காழி முதல் வேதாரண்யம் வரை கடலோரத்தில் சொந்தப் போர் வைத்திருப்பவர் 20,000 மைக்ரோசீமென்ஸுக்குமேல் காட்டும் இ.சி. மீட்டரையும் தனி வெப்பமானியையும் வாங்கட்டும். ஊரில் காலிப் போர் ஒன்று இருந்தால் கயிறு கட்டிய பாட்டிலை இறக்கிப் பாருங்கள். உழவர் குழுவாக இருந்தால் பணத்தை லாகரில் போடாமல் நாடாவில் போடுங்கள். இருபது போர்களின் ஆழக்கணக்கு, ஒரே போரின் மணிக்கணக்கைவிட ஊருக்கு உதவும்.

முத்துப்பேட்டை பக்கத்து இறால் குட்டைக்காரருக்கும் உப்பளத்துக்காரருக்கும் நீர்மானி போதும். அளவு வெப்பநிலையைப் படித்து வாங்க வேண்டும். கல்லூரித் திட்டத்துக்கு, ஐந்தாறு மாதிரிகளைக் குடுவையில் அளந்து, அதே மாதிரிகளின் இ.சி.யிலிருந்து கணக்கிட்ட அடர்த்தியோடு ஒப்பிடுவதே நல்ல ஆய்வு. அந்த 0.75 நம்மூர் நீருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதில் பார்த்துவிடலாம்.

எதை வாங்கினாலும் நோட்டில் இவை இருக்கட்டும்: தேதி, நேரம், எந்த ஆழம், மோட்டார் நின்று எவ்வளவு நேரம் அல்லது ஓடி எவ்வளவு நேரம், வெப்பநிலை, 25 டிகிரிக்கு மாற்றிய இ.சி., மீட்டரைக் கடைசியாக அளவுத் திரவத்தில் சரிபார்த்த நாள். பி.பி.எம். மட்டும் எழுதிய நோட்டை அடுத்த மீட்டரோடு ஒப்பிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் அளக்க முடியும் என்றால், மேட்டூர் திறப்பதற்குமுன் மே மாதக் கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் ஒன்று. மே மாத அளவை விட்டுவிடாதீர்கள். நல்ல நீரின் மட்டம் இறங்கி, கீழிருக்கும் உப்பு மேலே வர வாய்ப்பு அதிகமுள்ள மாதம் அது.